அம்மாவின் இரத்தம் புளித்தது தயிராலா, குளிசையாலா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. பதினைந்து வருடமாகச் சலரோகம். மெற்போமின் காலையும் இரவும் 1 கிராம், பிரெஷருக்கு லொசாட்டன். போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடித்தார். பகலில் மிளகும் ஒரு மிடறு தண்ணீரும், இரவில் பாலும் பழமும். கோயிலில் நின்று முழங்கால் உளைந்ததால் மருந்துக்கடையில் வாங்கிய டைக்குளோபெனாக்கையும் போட்டிருக்கிறார். பாறணைக்கு அடுத்த நாள் வயிற்றோட்டமும் சத்தியும் தொடங்கியது. இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்தோம். சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் குளிசையை ஒரு வேளையும் விடவில்லை. மூன்றாம் நாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கியது. இளைப்பு என்று நினைத்துப் பக்கத்துத் தனியார் நிலையத்தில் மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கவைத்தோம், குறையவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் ஆறு நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, இரண்டு தரம் டயலிசிஸ். ‘இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடிவிட்டது, மெற்போமினும் ஒரு காரணம்’ என்றார்கள். இப்போது வீட்டில் எழுந்து நடக்கிறார்.

கனடாவில் இருக்கும் அண்ணா, ‘அது நஞ்சு, எல்லாரும் நிப்பாட்டுங்கோ’ என்கிறார். என் கணவரும் அதே குளிசைதான் எடுக்கிறார். பெரியம்மா தயிர், புளி, பழஞ்சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இது பரம்பரை வருத்தம் என்றும் ஓரிடத்தில் வாசித்தேன். என் மகனுக்கு ஒன்பது வயது. அம்மாவோ வருகிற வருடமும் சஷ்டி பிடிப்பேன் என்று நிற்கிறார்.

– ஒரு மகள், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய டயக்னோசிஸ் காட்டை, ஆஸ்பத்திரி தந்த அந்தக் குறிப்பை, இரண்டு தரம் வாசித்தேன். உள்ளே எடுக்கும்போது பீ.எச். 6.98, லக்ரேற் 16, கிரியற்றினின் 6.1. பீ.எச். என்பது இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் அது இறங்கும். 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்க வேண்டும். லக்ரேற், அதாவது இரத்தத்தில் உள்ள லக்ரிக் அமிலத்தின் அளவு, 2ஐத் தாண்டக் கூடாது. கிரியற்றினின் சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவு, சிறுநீரகம் சோர்ந்தால் அது ஏறும். இந்த எண்களோடு வாட்டுக்குள் போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வருவதில்லை. விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் அந்த இரவே வாகனம் பிடித்தீர்களே, அதுதான் அம்மாவைக் காப்பாற்றியது.

பெரியம்மாவின் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சும்மா சொல்லவில்லை. லக்ரிக் என்ற பெயரே பாலில் இருந்து வந்தது. 1780இல் சுவீடனில் வாழ்ந்த ஷீலே என்ற இரசாயனவியலாளர் புளித்த பாலில் இருந்துதான் இந்த அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தார். ஆனால் தயிர் சாப்பிட்டு யாருக்கும் இரத்தம் இப்படிப் புளித்ததில்லை. பழப்புளியில் இருப்பது வேறு அமிலம், அதுவும் இந்தக் கதைக்குள் வராது. பழஞ்சோற்றில் நான் பார்ப்பது அமிலத்தை அல்ல, கோப்பையின் அளவை. அது சீனிக்கான கணக்கு.

அம்மாவின் இரத்தத்தில் கூடிய அமிலம் வெளியிலிருந்து வந்ததல்ல, அவர் உடம்பே உண்டாக்கியது. உங்கள் உடம்பும் என் உடம்பும் இந்த நிமிடம் அதை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சிவப்பணுக்களுக்குள் ஒட்சிசனைக் கொண்டு சீனியை எரிக்கும் அடுப்பு கிடையாது. அவை சீனியைப் பாதியில் உடைத்து லக்ரேற்றாக வெளியே விடும். தசையும் தோலும் மூளையும் தங்கள் பங்குக்கு விடும். வளர்ந்த ஒருவரில் ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் உண்டாகிறது. அத்தனையும் தேங்காமல் இருப்பதற்குக் காரணம், பெரும்பகுதியை ஈரல் இழுத்தெடுத்து மறுபடி சீனியாக மாற்றுவதுதான். மீதியில் கணிசமான பங்கைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். இந்தச் சுற்றோட்டத்துக்குக் கோரி சுற்று என்று பெயர். பெயர் தந்த கோரி தம்பதி 1947இல் நோபல் பரிசு பெற்றவர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உங்கள் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும்தானே. மழை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினாலும் நிற்கும், மதகை யாரோ மண் போட்டு மூடிவிட்டாலும் நிற்கும். லக்ரேற்றும் அப்படித்தான். கிருமித்தொற்று முற்றிப் பிரெஷர் விழுந்தாலோ, இதயம் சோர்ந்தாலோ, உறுப்புகளுக்கு ஒட்சிசன் போதாமல் உற்பத்தி பெருகும். வாட்டில் நாங்கள் காணும் லக்ரேற் கூடிய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வகைதான். அவர்களில் பலர் மெற்போமினைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். ஈரல் கெட்டவர்களிலும், நெடுங்காலம் குடித்துத் தயமின் என்ற பி1 விற்றமின் வற்றிப்போனவர்களிலும் மதகு அடைபடுகிறது. உங்கள் அம்மாவுக்கு மழையும் கூடி, மதகும் அடைத்தது.

மெற்போமின் எங்கே வருகிறது என்றால், ஈரல் லக்ரேற்றை எடுத்துச் சீனியாக்கும் வேலையை அது மட்டுப்படுத்தும். பக்கவிளைவு என்று நினைக்காதீர்கள், அந்த வேலைக்காகத்தான் அதைக் கொடுக்கிறோம். சாப்பிடாத வேளையிலும் சலரோகக்காரரின் ஈரல் தேவையில்லாமல் சீனியைச் செய்து இரத்தத்தில் கொட்டும். அதைத் தடுப்பதில் இதைவிட நல்ல மலிவான குளிசை இன்னும் வரவில்லை. மருந்து இரத்தத்தில் அளவோடு இருக்கும்வரை லக்ரேற் பொருட்படுத்தும் அளவுக்கு ஏறாது. ஆனால் இந்த மருந்தை உடம்பு உடைப்பதில்லை. விழுங்கி உறிஞ்சப்பட்டது அப்படியே சிறுநீரோடு போக வேண்டும். சிறுநீரகம் நின்றுபோனால் மருந்துக்கு வேறு வாசல் இல்லை.

அம்மாவின் சிறுநீரகம் ஏன் நின்றது? ஆறு நாள் தண்ணீர் போதவில்லை. பிறகு இரண்டு நாள் வயிற்றால் போனது. உடம்பின் தண்ணீர்த் தாங்கி ஏற்கெனவே அரைவாசிக்குக் கீழே. இந்த நேரத்தில் டைக்குளோபெனாக், சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தம் வரும் சிறு குழாயை ஒடுக்குகிறது. லொசாட்டன், வடிகட்டியிலிருந்து வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. மற்ற நாட்களில் அந்தத் தளர்வு சிறுநீரகத்துக்கு நல்லது, அதற்காகவும்தான் சலரோகக்காரருக்கு அதை எழுதுகிறோம். ஆனால் தாங்கியில் நீரில்லாதபோது வரும் வழியை ஒடுக்கி, போகும் வழியையும் திறந்துவிட்டால் வடிகட்டியில் அழுத்தம் எங்கே இருக்கும்? சிறுநீர் நின்றது. அதற்குப் பிறகும் காலையில் ஒரு கிராம், இரவில் ஒரு கிராம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அண்ணா கேட்கும் குற்றவாளி ஒருவரல்ல. ஒரே ஒருவரைத்தான் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், நான் அந்த முழங்கால் குளிசையின் பக்கம்தான் விரலை நீட்டுவேன்.

இன்னொரு விரல் எங்கள் பக்கமும் திரும்ப வேண்டும். ‘மருந்தை ஒருநாளும் விடக்கூடாது’ என்று கிளினிக் மேசையில் இருந்து நானே ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். விடுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் அப்படிப் பழகிவிட்டது. ‘இன்ன நாளில் மட்டும் விடுங்கோ’ என்ற மறுபாதியைச் சொல்ல வெளியே நிற்கும் வரிசை விடுவதில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் மருந்தெடுத்த ஒரு முதியவர் உங்கள் அம்மாவைப் போலவே ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்தவர் என்னைப் பார்த்து, ‘நீங்கள் சொன்னபடிதான் ஐயா, சத்திக்கு நடுவிலயும் விழுங்கினனான்’ என்றார். அதற்குப் பிறகு கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் அந்த மறுபாதியை எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் எழுதுகிறேன்.

சத்தி, வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல், எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ முடியாத நிலை: இதில் எது வந்தாலும் அந்த நாட்களில் மெற்போமினை நிறுத்திவையுங்கள். லொசாட்டன், எனலபிரில் போன்ற பிரெஷர் குளிசைகளையும், சிறுநீர் கழியக் கொடுக்கும் குளிசைகளையும், எம்பாகிளிபுளோசின் போன்ற சீனியைச் சிறுநீரில் கழிக்கும் புதுக் குளிசைகளையும் அப்படியே. (கடைசியாகச் சொன்னது வேறொரு அமிலத்தை, கீற்றோனை, ஏற்றக்கூடியது, அது தனிக் கதை.) நோவுக்கு பனடோல் போதும், டைக்குளோபெனாக், இபுபுரோபென் வகையைத் தொடவே வேண்டாம். ஜீவனி என்ற உப்புச் சீனித் தூளை பக்கெற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும். வழமைபோல் சாப்பிட்டு, குடித்து, சிறுநீரும் வழமைபோல் போய் ஒன்று இரண்டு நாள் ஆனபிறகு பழைய குளிசைகளைத் தொடங்கலாம். இரண்டு நாள் மெற்போமின் இல்லாமல் சீனி கொஞ்சம் ஏறினால் ஏறட்டும். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் அதை முற்றாக நிறுத்தக் கூடாது, அளவைத்தான் மாற்ற வேண்டும். கிளிக்லசைட் எடுக்கிறவர்கள் சாப்பிடாமல் அதை விழுங்கினால் சீனி விழுந்துவிடும். இந்த இரண்டு கூட்டமும் அன்றைக்கே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

இனி, அந்த மூன்றாம் இரவு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த இடம்தான். ‘அம்மா ஓடிவந்தவர்போல மூச்சு விட்டா, ஆனால் கட்டிலில்தான் இருந்தவ. விரலில் மாட்டிப் பார்க்க 98 காட்டினது. சீனி 84. பிறகென்ன என்று நினைச்சம்’ என்று எழுதியிருந்தீர்கள். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை. இளைப்புக்காரரின் நெஞ்சில் காது வைத்தால் விசில் கேட்கும்; மூச்சை வெளியே விடக் கஷ்டப்படுவார். அம்மாவுக்கு நெஞ்சு சுத்தமாக இருந்தது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும், இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நுரையீரல் பழுதாகி வந்த மூச்சல்ல அது. இரத்தத்தில் ஏறிய அமிலத்தை ஈடுகட்ட, காபனீரொட்சைட்டை வாரி வெளியே தள்ளுவதற்கு மூளை போட்ட கட்டளை. விரல் கருவி ஒட்சிசனை மட்டும் பார்க்கும், அமிலம் அதற்குத் தெரியாது. சீனி 84 என்றதில் ஆறுதல் அடைந்தீர்கள். ஈரல் சீனி செய்ய முடியாமல் நிற்பதன் அடையாளமாகவும் அந்த எண் இருந்திருக்கலாம்.

ஆகவே சலரோகக்காரர் ஒருவர் சத்தி வயிற்றோட்டத்துக்குப் பிறகு இப்படி மூச்சு வாங்கினால், வயிற்று நோவும் தூக்கக் கலக்கமும் சேர்ந்தால், கைகால் குளிர்ந்தால், சிறுநீர் போய் அரைநாளாகிவிட்டது என்றால், காஸ்ரிக் என்றோ இளைப்பு என்றோ நேரம் கடத்தாதீர்கள். 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை. போகும்போது குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ‘மெற்போமின் எடுக்கிறவ, மூன்று நாளாய் வயிற்றால் போகுது’ என்ற ஒரு வசனத்தை வாசலிலேயே சொல்லுங்கள். அந்த வசனம் லக்ரேற் பரிசோதனையை ஒரு மணி நேரம் முந்தவைக்கும். டயலிசிஸ் அம்மாவின் அமிலத்தையும் எடுத்தது, தேங்கிக் கிடந்த மருந்தையும் எடுத்தது. நேரத்தோடு தொடங்கியதால்தான் பலித்தது.

கணவர் குளிசையை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். நஞ்சு என்ற பேச்சுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மெற்போமினின் தமையன்போல பென்போமின் என்று ஒன்று இருந்தது. அது லக்ரிக் அமிலத்தைக் கண்டபடி ஏற்றி ஆட்களைக் கொன்றதால் 1970களின் கடைசியில் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் நிறுத்தப்பட்டது. அந்தக் கெட்ட பெயர் தம்பி மேலும் விழுந்தது. 1957இலேயே பிரான்ஸில் ஜோன் ஸ்ரேர்ன் என்ற வைத்தியர் சலரோகத்துக்குப் பயன்படுத்திக் காட்டிய மருந்தை அமெரிக்கா 1994 வரை அனுமதிக்கவில்லை. இன்று தெரிந்த கணக்குப்படி, மெற்போமின் எடுக்கும் ஒரு இலட்சம் பேரில் வருடத்துக்குப் பத்துக்கும் குறைவானவர்களுக்கே இந்த நிலை வருகிறது. அவர்களிலும் பெரும்பாலானோருக்குச் சிறுநீரகமோ ஈரலோ இதயமோ ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மறுபக்கம், 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில் உடல் எடை கூடிய சலரோகக்காரர்கள் மெற்போமின் எடுத்தபோது மரணங்கள் 36 வீதம் குறைந்தன. அண்ணாவுக்கு இந்த இரண்டு கணக்கையும் அனுப்பிவையுங்கள்.

கணவர் செய்ய வேண்டியது வேறு. தன் கடைசி கிரியற்றினின் எத்தனை என்று பார்க்கட்டும். அந்த எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல்பட வேண்டாம். அம்மாவின் கொப்பியில் எட்டு மாதத்துக்கு முன் 1.2 என்று இருக்கிறது, பக்கத்தில் யாரோ ‘சரி’ என்று கோடு போட்டிருக்கிறார்கள். முப்பது வயது ஆம்பிளைக்கு 1.2 சரிதான். 67 வயதுப் பெண்ணுக்கு அதே 1.2 என்றால், ஈ.ஜி.எவ்.ஆர். என்ற வடிகட்டும் அளவு ஏறத்தாழ 50தான். இளமையில் அது 90க்கு மேல் இருந்திருக்கும். ஆகவே அம்மா சஷ்டி தொடங்கும்போதே பாதிச் சிறுநீரகத்தோடுதான் தொடங்கியிருக்கிறார். இன்னொரு குழப்பம்: ஒரு ஆய்வுகூடம் 1.2 என்று தரும், இன்னொன்று 106 என்று தரும். பயப்படாதீர்கள், அலகுதான் வேறு. பெரிய எண்ணை 88ஆல் வகுத்துப் பாருங்கள். ஈ.ஜி.எவ்.ஆர். 45க்குக் கீழே வந்தால் மெற்போமினின் அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே கொடுக்கவே கூடாது. நிற மருந்து ஏற்றி சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொன்னாலும், மெற்போமின் எடுப்பதை அங்கே சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது கிரியற்றினின் 1.4, கணக்குப் போட்டால் ஈ.ஜி.எவ்.ஆர். 41 அளவில் வருகிறது. சட்டப்படி பார்த்தால் குறைந்த அளவில் மெற்போமின் கொடுக்கலாம் என்று ஒரு வாதம் உண்டு. நான் கொடுக்க மாட்டேன். ஒருமுறை இந்தப் பள்ளத்தில் விழுந்தவரை மறுபடி விளிம்பில் நடத்த எனக்கு மனமில்லை. சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் தேறக்கூடும். மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை எழுதித் தந்திருக்கும் இன்சுலினைத் தொடரட்டும். பிறகு லினாகிளிப்டின் போன்ற, சிறுநீரகத்தை நம்பியிராத குளிசைகள் இருக்கின்றன. முடிவு உங்கள் கிளினிக் வைத்தியருடையது, நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை.

மகனைப் பற்றிய பயம். நீங்கள் வாசித்தது பொய்யல்ல, ஆனால் அது வேறு வருத்தம். உயிரணுக்களின் சக்தி அடுப்பான இழைமணியில் பிறவியிலேயே பழுது இருந்தால் லக்ரேற் தேங்கும். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே துவண்டு, பாலை மறுத்து, வலிப்பு வந்து எங்களிடம் வருவார்கள். ஒன்பது வயதில் மதிலேறிப் பட்டம் விடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். தாய்வழியில் மட்டும் இறங்கும் ஒரு சலரோகம் உண்டு, காது மந்தத்தோடு சேர்ந்து வரும். அம்மாவுக்கோ, அம்மாவின் சகோதரங்களுக்கோ, அம்மாவின் தாயாருக்கோ இளவயதிலேயே காது கேளாமல் போய்ச் சீனியும் இருந்ததா? அந்தக் குடும்பங்களில் மெற்போமினைத் தவிர்ப்போம். இருந்திருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடைசியாகச் சஷ்டி. விரதத்தை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. என் வீட்டிலும் பிடிக்கிறார்கள். ஆனால் மிளகும் ஒரு மிடறு தண்ணீரும் என்ற கணக்கு அம்மாவுக்கு இனி ஒருபோதும் இல்லை. வருத்தக்காரருக்கு விதிவிலக்கு உண்டு என்பது எங்கள் பெரியவர்களுக்கும் தெரிந்த விஷயம். ஒருநேரச் சாப்பாடு, தண்ணீருக்குக் கணக்கில்லை, இடையில் பால், சூரன்போர் அன்று வெயிலில் கால்கடுக்க நிற்காமல் கதிரையில் இருந்து பார்ப்பது: இப்படி ஒரு ஒழுங்குக்கு அம்மா சம்மதித்தால், சஷ்டிக்கு ஒரு மாதம் முந்தியே கிளினிக்கில் சொல்லி இன்சுலின் அளவை மாற்றிக்கொள்ளலாம். அம்மா சம்மதிக்காவிட்டால், மகள் சொல்லிக் கேட்காதவர்கள் சிலவேளை ஐயர் சொன்னால் கேட்பார்கள். அவரிடம் முதலே ஒரு சொல் சொல்லிவையுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, அந்த முழங்கால் குளிசையின் வெறும் அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கொப்பியில் அதன் பெயர் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.